நாத்தனார் முடிச்சு

உடம்புக்கு ஒன்றும் இல்லைக்கா. அப்படிப் பாவமாகப் பார்க்காதீங்க, அவள் திரும்பிப் பார்த்தால் நமக்குத்தான் வம்பு.

வியாதியும் இல்லை, வைத்தியமும் இல்லை. நன்றாகத் தின்பாள். காலையில் என் பங்கு இட்லியையும் சேர்த்துத் தின்றுவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறாள். தலை மட்டும்தான் அப்படி. அதுவும் இப்போது முளைத்துவிட்டது. சித்திரையில் பார்த்திருக்கணும் நீங்க, உரித்த நுங்கு மாதிரி இருந்தது.

ஆமாம், எங்கள் வீட்டுப் பெண்தான். மோனிஷா. என் நாத்தனார், வீட்டுக்காரருக்குக் கடைசித் தங்கை. பன்னிரண்டாவது எழுதி முடித்துவிட்டாள். அப்படி எட்டப் போய்க் கதவு ஓரமாக நிற்கிறாளே என்று பார்க்கிறீர்களா? இன்றைக்கு அவள் யாரோ, நாங்கள் யாரோ. அப்படித்தான் பேச்சு. பட்டணத்தில் ஒரு காலேஜில் இன்டர்வியூ. தனியாகப் போவேன் என்றாள். அத்தை, அதான் என் மாமியார், அண்ணி கூட வந்தால்தான் போகணும் என்றார். விடிந்ததிலிருந்து வாக்குவாதம். கடைசியில் நான்தான் தீர்த்து வைத்தேன். ஒரே ரயில், ஒரே பெட்டி, ஆனால் காலேஜ் கேட் வரைக்கும் உன்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டேன் என்றேன். இரண்டு பேருக்கும் திருப்தி. எங்கள் வீட்டில் எந்த வழக்கு வந்தாலும் தீர்ப்பு சொல்கிறவள் இந்தப் பச்சையம்மாதான். நான் இல்லை என்றால் அந்த வீடு என்ன ஆகியிருக்கும் என்று சில நாள் நினைத்துப் பார்ப்பேன்.

இது என் பொண்ணு. தன்ஷிகா. பேர் வைத்தது அவள்தான். எனக்கே முதல் ஒரு மாதம் வாயில் நுழையவில்லை. இதற்குத்தான் எங்கள் ஒப்பந்தம் புரியவில்லை. பட்டாபிராமில் ஏறினதிலிருந்து "அத்த, அத்த" என்று அந்தப் பக்கமே கையை நீட்டுகிறது. ஏய், ஆன்ட்டி மூக்குத்தியை இழுக்காதே. குத்தினால் அழுவ.

என்ன கேட்டீங்க? ஏன் மொட்டை என்றா? வேண்டுதல்தான். திருத்தணிக்கு. ஆனால் யாருடைய வேண்டுதல், யார் நிறைவேற்றினது, எதற்காக நிறைவேற்றினது என்று கேட்டால் அது பெரிய கதை. நீங்க எதுவரைக்கும்? வில்லிவாக்கமா? அப்போ சொல்லிவிடலாம்.

இவளுக்கு முடி எப்படி இருந்தது தெரியுமாக்கா? உட்கார்ந்தால் பாயில் புரளும். அத்தை வீட்டிலேயே மாவு அரைத்து விற்கிறார். கிரைண்டர் ஒரு பக்கம் ஓடும், இவள் தலை ஒரு பக்கம் ஓடும். வெள்ளிக்கிழமை ஆனால் எண்ணெய் காய்ச்சி, சீயக்காய் கரைத்து, குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, சிக்கெடுத்து, பின்னி முடிக்கிற வரைக்கும் யார் மாவு கேட்டு வந்தாலும் "அரை மணி கழிச்சு வாங்க" என்பார். வியாபாரத்தையே நிறுத்துவார் என்றால் பார்த்துக்கொள்ளுங்க. எனக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து சீப்பை எடுத்துக் கொடுக்கிற வேலை.

இவளானால் பத்தாவதிலிருந்து ஒரே பாட்டு. வெட்டணும். காது வரைக்கும் வெட்டணும். போனில் படம் காட்டுவாள், ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு, தலை சேவல் கொண்டை மாதிரி நிற்கும். "இப்படி வேணும் அண்ணி." அத்தையிடம் கேட்டால் ஒரே பதில். "நான் செத்தப்புறம் வெட்டிக்க."

எதற்குடி உனக்கு இந்த வேலை என்று நானும் கேட்டிருக்கிறேன். "எனக்குன்னு ஒண்ணு வேணும் அண்ணி. சுதந்திரமா இருக்கணும்" என்பாள். எனக்குச் சிரிப்புத்தான் வரும். எங்கள் ஊர் செய்யாறு பக்கம். எங்கள் பள்ளிக்கூடத்தில் சுதந்திரம் என்றால் ஆகஸ்ட் மாதம் ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார்கள், அவ்வளவுதான். இவளுக்குத் தனி போன் இருக்கிறது, தனி ஃபேன் இருக்கிறது, கோபம் வந்தால் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருக்கிறது. இதற்கு மேல் என்ன சுதந்திரம்? எனக்குப் பத்தொன்பது நடக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை முகம் கழுவிவிட்டு வா என்றார்கள். கழுவிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் பட்டாபிராமில் இருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று எனக்கும் தெரியாது. நன்றாகத்தானே இருக்கிறேன்? பாருங்க, நீங்களே சொல்லுங்க.

அது கிடக்கட்டும். மாசி மாதம் இவள் அண்ணன் தினகரனுக்குப் பெண் பார்த்து முடிந்தது. இரண்டாவது அண்ணன். மாமா, அதான் இவள் அப்பா, இறந்தபோது இவள் ஏழாவது. அப்புறம் இவளை வளர்த்தது தினகரன் என்றே சொல்லலாம். சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவதும், கம்பாஸ் பாக்ஸ் வாங்கித் தருவதும், கையெழுத்துப் போடுவதும் எல்லாம் அவர்தான். கல்யாணம் வைகாசியில் என்று முடிவானதும் இவள் குதித்த குதி இருக்கிறதே. "அண்ணி, நாத்தனார் முடிச்சு நான்தானே போடணும்? எப்படிப் போடறது? சொல்லிக் கொடுங்க" என்று என் தாலிக்கயிற்றையே பிடித்துக்கொண்டு நின்றாள். உங்கள் பக்கமும் அப்படித்தானே? மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுவார், மற்ற இரண்டையும் கூடப் பிறந்தவள் போடுவாள். எனக்குப் போடும்போது இவள் சின்னப் பெண், தப்பும் தவறுமாகப் போட்டு, அத்தையின் அக்கா, பெரியம்மாதான் சரி பண்ணிவிட்டார். அந்தக் குறை இவளுக்கு. பாவாடை நாடா, மாவுப் பை, திரைச்சீலைக் கயிறு, எது கையில் கிடைத்தாலும் முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள்.

இப்போது கதைக்கு வருகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை சிக்கெடுக்கும்போது மறுபடியும் சண்டை. இவள் மாட்டேன் என்று எழுந்து ஓட, அத்தை பின்னலைப் பிடிக்க, எண்ணெய்க் கிண்ணம் என் புடவையில். எனக்கும் எரிச்சல் வந்துவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஏண்டி துள்ற, அந்த முடி உன்னுதுகூட இல்ல, முருகனுது" என்று சொல்லிவிட்டேன்.

அது ஒரு பழைய சமாச்சாரம். இவள் ஆறாவது படிக்கும்போது டெங்கு வந்து பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாளாம். நான் அப்போது இந்த வீட்டுக்கு வரவில்லை. ரத்தத்தில் ஏதோ இறங்கிக்கொண்டே போக, டாக்டர் காலையில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போக, அத்தை வராண்டாவில் உட்கார்ந்து திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டாராம். பிள்ளை வீட்டுக்கு வந்தால் அவள் முடி உனக்கு என்று. பிள்ளை வந்துவிட்டது. வந்தபோது காய்ச்சலில் பாதி முடி கொட்டிப் போயிருந்ததாம். கொஞ்சம் வளரட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்று அத்தை தள்ளிப்போட்டார். அடுத்த வருடம் மாமா போய்விட்டார். அப்புறம் வளர்ந்தது, வளர்ந்தது, கொடுக்க மனசு வரவில்லை. "தினகரன் கல்யாணம் முடியட்டும், கூட்டிட்டுப் போய் பூமுடி கொடுத்துட்டு வந்துரலாம்" என்று என்னிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தார். பூமுடி என்றால் நுனியில் ஒரு நறுக்கு.

நான் சொன்னதும் இவள் ஓடுவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாளே ஒரு சிரிப்பு! பேசாமல் வந்து மணையில் உட்கார்ந்து தலையைக் காட்டினாள். நான் அப்போதே உஷாராகியிருக்கணும். நானோ, பார்த்தாயா, நம் பேச்சுக்கு எப்படி அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து வீட்டில் ஒரே பக்தி. விளக்கு ஏற்ற எழுப்பினால் போர்வையை இழுத்து மூடுகிறவள், நெற்றி நிறைய விபூதி. கிருத்திகைக்கு விரதமாம். பரீட்சை முடிந்த வாரம், பெரியம்மா பத்திரிகை மாடல் பார்க்க வந்திருந்தார், கூட அவர் பொண்ணு கோகிலாவும். எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

"அம்மா, சாமிக்கு ஒண்ணு செய்யறேன்னு சொல்லிட்டுச் செய்யாம இருக்கலாமா?"

"சேச்சே, ஆகாது" என்றார் பெரியம்மா. அவரை யார் கேட்டார்கள்?

"அப்போ திருத்தணிக்கு எப்பம்மா போறோம்?"

அத்தை என்னைப் பார்த்த பார்வையில் நான் தன்ஷிகாவுக்கு ஜட்டி மாற்ற உள்ளே போய்விட்டேன். உள்ளே இருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கல்யாணம் முடியட்டும்டி. பூமுடி கொடுத்துட்டு வந்துரலாம்."

"நீ அன்னைக்கு ஆஸ்பத்திரியில பூமுடின்னா சொன்ன?"

எங்கள் அத்தை மாவில் தண்ணீர் கூட்டி ஊற்றாதவர். முருகன் விஷயத்தில் பொய் சொல்வாரா? "முழுசாத்தான் சொன்னேன்" என்றார். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்த மாதிரி இருந்தது.

"அதை வெச்சுக்கிட்டே கல்யாணம் பண்ணி, நாளைக்கு அண்ணனுக்கு ஏதாவது ஒண்ணு..."

"வாயைக் கழுவுடி!"

முடிந்தது. அதோடு முடிந்தது. அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் அத்தையால் தூங்க முடியுமா, நீங்களே சொல்லுங்க. ராத்திரியில் இவளிடம் கேட்டேன், "உனக்குத்தான் சாமி நம்பிக்கையே கிடையாதேடி?" என்று. "அம்மாவுக்கு இருக்குல்ல அண்ணி, அது போதும்" என்கிறாள். "காது வரைக்கும்தானே கேட்ட, எதுக்குடி மொத்தமா வழிக்கணும்?" என்றேன். "மொட்டை போட்டா ஆறு மாசத்துல நான் கேட்ட கட்டிங் தானா வந்துரும். அதுக்கு யார் பர்மிஷனும் வேணாம்." கேட்டுக்கொண்டீர்களா? வக்கீலுக்குப் படிக்க வேண்டியது. படம் பிடிக்கிற படிப்பாம், அதற்குத்தான் இன்றைக்கு இன்டர்வியூ.

ஆனால் அத்தையும் லேசுப்பட்டவர் இல்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு கட்டளை போட்டார். "வேண்டுதலை முடிச்சுக்க. நான் தடுக்கல. ஆனா மொட்டைத் தலையோட மணவறையில ஏறக் கூடாது. ஊரே வந்திருக்கும், பொண்ணு வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க? கோகிலா முடிச்சுப் போடட்டும். அவளும் தங்கச்சிதானே."

அத்தை போட்ட கணக்கு எனக்குப் புரிந்தது. அண்ணன் கல்யாணத்தில் முடிச்சுப் போடுவதற்காக இவள் எதையும் விட்டுவிடுவாள், கல்யாணம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இவள் முகம் அப்படியே விழுந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த ஒரு நாள் சாப்பிடவில்லை, இட்லிகூட. மறுநாள் வெளியே வந்து, "சரி" என்றாள். "எது சரி?" என்றார் அத்தை. "கோகிலா அக்காவே போடட்டும்" என்றாள்.

அத்தைக்குப் போட்ட கட்டளையை எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே அச்சு, அதுதான் தொல்லை.

இருங்க, வருகிறாள். பேசாதீங்க.

...

பார்த்தீங்களா அவள் நடிப்பை? "அக்கா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா" என்று என்னையே கேட்கிறாள்! என் பாட்டில், என் எவர்சில்வர் மூடி. நானும் "குடிம்மா, எந்த ஊரு" என்று கேட்டேன், பார்த்தீர்கள் அல்லவா? குழந்தை கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகிறாள், யாரோ மாதிரி. அடப் பாவி.

எங்கே விட்டேன்? திருத்தணி. அத்தை வரவில்லை. மாவு ஆர்டர் இருக்கிறது என்றார். எந்த ஆர்டரும் இல்லை, எனக்குத் தெரியும். இவளும் நானும் குழந்தையும் ரயில் ஏறிப் போனோம். வழியெல்லாம் இவளுக்கு வாய் ஓயவில்லை. மொட்டை போடுகிற இடத்தில் போய் உட்கார்ந்ததும்தான் வாய் மூடினது. மொட்டை போடுகிறவர் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டு, "பெரிய முடிம்மா, பூமுடி கொடுத்தாப் போதுமே, பொண்ணுங்க எல்லாம் அப்படித்தான் கொடுப்பாங்க" என்றார். "இல்லண்ணா, எடுத்துருங்க" என்றாள். பின்னலோடு முதலில் அறுத்துக் கீழே வைத்தார். எனக்கு என்னவோ அது ஒரு பிள்ளை படுத்திருக்கிற மாதிரி இருந்தது. இவள் கண்ணில் தண்ணீராக ஊற்றுகிறது. "என்னடி?" என்றேன். "கத்தி அழுத்துது" என்றாள். முடி கண்ணில் விழுந்திருக்கும், அதுவாகத்தான் இருக்கும். கேட்டதுதான் கிடைத்துவிட்டதே, அதற்கு யாராவது அழுவார்களா? "அண்ணன் சட்டைக்கு மேட்சா ஒரு தாவணி எடுத்து வெச்சிருந்தேன் அண்ணி" என்று சம்பந்தமே இல்லாமல் ஏதோ சொன்னாள். நான் துண்டைக் கொடுத்துத் துடைத்துக்கொள்ளச் சொன்னேன்.

வந்ததே வந்தோம், நாமும் ஒரு பூமுடி கொடுத்துவிடலாமே என்று நானும் உட்கார்ந்தேன். கோயிலுக்கு வந்து வெறும் கையோடு போகக் கூடாது பாருங்க. அவர் என் முடியைக் கையில் பிடித்துக்கொண்டு, "எவ்வளவும்மா எடுக்கட்டும்?" என்று கேட்டார். அக்கா, யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. இவள் பக்கத்தில் நின்றுகொண்டு, "சொல்லுங்க அண்ணி, உங்களைத்தான் கேக்கறாரு" என்கிறாள். மூன்று விரல் அளவு என்றேன். எடுத்தார். இன்னும் கொஞ்சம் என்றேன். எடுத்தார். இன்னும் கொஞ்சம்... இதோ, தோள் வரைக்கும் வந்து நின்றது. வேறு ஒன்றும் இல்லை, இந்தக் குழந்தை பிடித்துப் பிடித்து இழுக்கிறது, அதற்காகத்தான். கொண்டை போட்டுவிட்டால் தெரியாது. வீட்டுக்காரர் இன்னும் கவனிக்கவில்லை. எதற்குச் சிரிக்கிறீங்க? வெயிலுக்கும் நல்லதுதானே.

வீட்டுக்கு வந்தோம். அத்தை இவளைப் பார்த்தார். சந்தனத்தைக் குழைத்து என் கையில் கொடுத்தார், "நீயே தடவிடு" என்று. அந்த வாரம் வெள்ளிக்கிழமை வழக்கம் போல எண்ணெய் காய்ச்ச அடுப்பைப் பற்ற வைத்துவிட்டார். வைத்துவிட்டு நின்றார். அப்புறம் அணைத்துவிட்டார். அந்த எண்ணெயில் நான் ஊறுகாய் தாளித்துவிட்டேன், வீணாக்குவானேன்.

கல்யாணம் வரைக்கும் அம்மாவும் பொண்ணும் பேசவில்லை. பேசவில்லை என்றால், நேராகப் பேசவில்லை. "சாப்பிடச் சொல்லு அவளை." "பசிக்கலைன்னு சொல்லுங்க அண்ணி." நடுவில் நான் தபால்காரி. தினகரனிடம் கோகிலா விஷயத்தைச் சொன்னபோது அவர் "சரிம்மா" என்றார், அவ்வளவுதான். அவர் எப்போதும் அவ்வளவுதான். ஊமைச்சாமி.

கல்யாண மண்டபத்தில் யார் மனசும் நோகாமல் இருக்கணும் என்று நானே ஓர் ஏற்பாடு செய்தேன். "மோனி, முகூர்த்த நேரத்துல நீ குழந்தையை எடுத்துக்கிட்டு சாப்பாட்டு ஹாலுக்குப் போயிரு. அவளுக்குக் கேசரி ஊட்டு. யாரும் ஏன் மேடையில இல்லன்னு கேக்க மாட்டாங்க, குழந்தையைப் பாத்துக்கறான்னு நினைச்சுப்பாங்க" என்றேன். நல்ல யோசனைதானே? இவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சரி அண்ணி" என்று குழந்தையை வாங்கிக்கொண்டு போனாள். புதுத் தாவணி கட்டியிருந்தாள், காதில் ஜிமிக்கி. முடி அரிசி அளவுக்கு முளைத்திருந்தது. எனக்கு நிம்மதியாகிவிட்டது.

முகூர்த்தம். கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று ஐயர் கை காட்டுகிறார். தவுல்காரர் பிளந்து கட்டுகிறார். எல்லாரும் அட்சதையைப் போட்டாயிற்று. தினகரன் முதல் முடிச்சைப் போட்டார். கோகிலா பட்டுப்புடவையோடு குனிந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். தினகரன் கயிற்றை விடவில்லை.

முதலில் யாருக்கும் புரியவில்லை. "விடுங்கண்ணா" என்கிறாள் கோகிலா. பிடித்த பிடி. "கையை எடுடா" என்கிறார் என் வீட்டுக்காரர். ஊமைச்சாமி நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். "மோனி எங்கம்மா?" என்றார்.

"முகூர்த்தம் போகுதுடா."

"இருக்கட்டும். மோனி எங்க?"

பாவம் அந்தப் பொண்ணு வினோதினி, குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிறது. கழுத்தில் ஒரு முடிச்சோடு. தவுல்காரர் நிறுத்தலாமா கூடாதா என்று தெரியாமல் வாசித்துக்கொண்டே இருக்கிறார். நாதஸ்வரக்காரருக்குக் கண் வெளியே வந்துவிட்டது. கையில் இருந்த அட்சதை எல்லாம் தீர்ந்து, ஜனங்கள் கீழே கிடப்பதைப் பொறுக்குகிறார்கள். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாப்பாட்டு ஹாலுக்கு ஓடினேன்.

"வாடி, உங்க அண்ணன் கயித்தை விட மாட்டேங்கறாரு. ஓடி வா!"

இவள் கையில் கேசரி. குழந்தை வாயெல்லாம் கேசரி. எழுந்தாள். எழுந்து நின்றுகொண்டு கேட்கிறாள், "அம்மா கூப்பிட்டாங்களா?"

"யார் கூப்பிட்டா என்னடி, நேரம் போகுது!"

"அம்மா கூப்பிடட்டும் அண்ணி. இல்லன்னா கோகிலா அக்காவே போடட்டும்னு அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. எனக்குக் கோபம் எல்லாம் இல்ல."

கோபம் இல்லையாம். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். மண்டப வாசற்படி வரைக்கும் வந்தாள். அதற்கு மேல் ஓர் அடி வைக்கவில்லை. இடுப்பில் குழந்தை. ஊர் ஜனம் மொத்தமும் திரும்பிப் பார்க்கிறது. வீடியோக்காரர் அந்தப் பெரிய விளக்கை இவள் பக்கம் திருப்பிவிட்டார். தலை பளிச்சென்று இருக்கிறது. பொண்ணு வீட்டுப் பக்கம் கசகசவென்று பேச்சு. நான் மேடையைப் பார்த்து, "அத்தை, வரமாட்டேங்கறா, நீங்க கூப்பிடணுமாம்" என்று கத்திவிட்டேன். வேறு என்ன செய்வது? தவுல் சத்தத்துக்கு மேல் கத்தினால்தானே கேட்கும்.

அத்தை நின்றார். இந்தப் பக்கம் பிடித்த கயிற்றை விடாத மகன், அந்தப் பக்கம் வைத்த காலை எடுக்காத மகள். அத்தை முகம் சிவக்கிறது. இவளையே பார்க்கிறார். சந்தனம் தடவக்கூடத் தொடாத தலை. எனக்கு அத்தை மயக்கம் போட்டு விழுந்துவிடுவாரோ என்று பயம். அக்கா, அவர் விழவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். மாவு தூக்கும்போது செருகுவாரே, அப்படி. செருகிக்கொண்டு, மண்டபமே கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"ஏய் மொட்டை! வந்து முடிச்சைப் போடுடி! தவுல்காரர் கை ஓயுது!"

தவுல்காரர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் மண்டபமே சிரித்தது. குனிந்திருந்த வினோதினி தோள் குலுங்குகிறது, அழுகிறதோ என்று பயந்து பார்த்தால் அதுவும் சிரிக்கிறது. இவள் ஓடவில்லை. மெதுவாக நடந்து மேடை ஏறி, குழந்தையை அத்தை கையில் கொடுத்துவிட்டு, கயிற்றை வாங்கி இரண்டு முடிச்சையும் போட்டாள். கையெல்லாம் கேசரி நெய், இருந்தும் வழுக்கவில்லை. நன்றாக இறுக்கிப் போட்டாள். தினகரன் அப்போதுதான் மூச்சு விட்டார் என்று நினைக்கிறேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நான் மட்டும் ஓடிப் போய்க் கூட்டி வரவில்லை என்றால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்க.

அதைவிடப் பெரிய அதிசயம் பந்தியில் நடந்தது. அத்தையும் பெரியம்மாவும் பக்கத்துப் பக்கத்து இலை. நான் எதிரில் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறேன். பெரியம்மாவுக்கு கோகிலா வெறும் கையோடு நின்றுவிட்டாளே என்ற வருத்தம் இருக்கும் இல்லையா. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே ஆரம்பித்தார். "என்னதான் இருந்தாலும் நாகரத்தினம், வயசுப் பொண்ணு. இப்பிடி மொட்டையும் கட்டையுமா நின்னா நாளைக்கு எவன் வந்து கேப்பான்? நாலு பேர் பேச மாட்டாங்க? இனிமேலாவது வளக்கச் சொல்லு."

நான் ஊட்டுவதை நிறுத்திவிட்டேன். அத்தை இந்தப் பேச்சைத்தானே இத்தனை வருடமாக இவளிடம் பேசிக்கொண்டிருந்தார். ஆமாம் அக்கா என்பார், அழுவார், நாம் எழுந்து சமாதானம் செய்யணும் என்று கையைக்கூடக் கழுவத் தயாராகிவிட்டேன்.

அத்தை சாம்பாரைப் பிசைந்து, ஒரு வாய் வைத்து, நிதானமாக மென்று விழுங்கினார்.

"அவ தலை, அவ பாத்துக்குவா" என்றார். "உனக்குப் பாயாசம் வருது பாரு, இலையை இந்தப் பக்கம் தள்ளு."